விலை, வாசல், இருக்கை: அண்ணா சாலைப் பேரங்காடி ஒன்றின் வரலாறு

ஊரைப் பாட வந்த பழந்தமிழ்ப் புலவர் அங்காடியை விரிவாகவே பாடினர். மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் நம் கண்முன் நிறுத்துகிறார். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் புகார் நகரத்துக் கொடிகளை எண்ணிக்காட்டி, அவ்வூர் வணிகரின் நடுவுநிலைமையையும் போற்றுகிறார். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மணி விற்கும் வீதி, பொன் விற்கும் வீதி, துணி விற்கும் வீதி, கூலம் விற்கும் வீதி என ஒவ்வொன்றாகக் கண்டு செல்கின்றான். கண்ணகியின் சிலம்பை விற்க வந்தவன் அங்காடியைக் கண்டு மகிழ்ந்து நடப்பதாக இளங்கோவடிகள் அமைத்திருப்பது நம் நெஞ்சை உறுத்தும் இடமாகும். அங்காடி என்பது வெறும் வாணிகக் களமன்று. ஒரு நகரம் யாரை வரவேற்கிறது, யாரை விலக்குகிறது என்பதைக் காட்டும் இடமும் அதுவே என்பதை அப்புலவர்கள் அறிந்திருந்தனர்.

சென்னையின் அண்ணா சாலையில் அத்தகைய அங்காடி ஒன்று இருந்தது. ஸ்பென்சர் என்னும் அப்பெயரை அறியாதார் நம் வட்டத்தில் இரார். அது தோன்றியது 1863-ஆம் ஆண்டில், எரிந்தது 1983-இல், வேறொரு வடிவில் மீண்டும் எழுந்து, புகழ் பெற்று, மீண்டும் தேய்ந்தது. சிட்லபாக்கத்தில் வாழும் நமக்கு இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஒரு கட்டடத்தின் வரலாறு எதற்கு என்னும் வினா எழலாம். நம் ஊரின் அருகே ஜி.எஸ்.டி. சாலையில் இன்று உயர்ந்து நிற்கும் கடைகள் அந்த வரலாற்றின் தொடர்ச்சியே என்பதைக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு மூன்று வினாக்களை அளவுகோலாகக் கொள்கிறேன். இக்கடையில் விலை எல்லார்க்கும் ஒன்றா? வாசல் எல்லார்க்கும் திறந்ததா? உள்ளே நிற்பவர் யார், அமர்பவர் யார்?

பேரங்காடி என்னும் புதுமை

ஒரே கூரையின்கீழ்ப் பல பிரிவுகளை வைத்துப் பலவகைப் பண்டங்களை விற்கும் பேரங்காடி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் படைப்பு. பாரிசு நகரில் அரிஸ்தீத் பூசிக்கோ என்பவர் 1852-இல் 'போன் மார்ஷே' என்னும் கடையில் பங்காளராகச் சேர்ந்து, அதனைப் பேரங்காடியாக வளர்த்தார். கோவலன் கண்ட மதுரை வீதிகள் அனைத்தையும் ஒரு கட்டடத்துக்குள் மடித்து வைத்தாற்போன்றது அது. புதுமை கட்டடத்தின் பெருமையில் மட்டும் இல்லை. இரண்டு கொள்கைகளே அதன் உயிர். முதலாவது, பொருளின்மேல் விலையை எழுதி ஒட்டுவது. பேரம் என்னும் பேச்சுக்கு இடமில்லை. இரண்டாவது, எவரும் உள்ளே வரலாம், பார்க்கலாம், தொடலாம், ஒன்றும் வாங்காமல் திரும்பலாம் என்பது. எமிலி ஜோலா 1883-இல் வெளியிட்ட புதினம் ஒன்றுக்கு இத்தகைய அங்காடியே களம். பேரங்காடியின் பளபளப்பையும், அது விழுங்கிய சிறு கடைகளையும், அதில் உழைத்த பெண்களையும் ஒருங்கே கண்ட எழுத்து அது.

இவ்விரு கொள்கைகளுள் முதலாவது நமக்கு முற்றிலும் புதியதன்று. பட்டினப்பாலை வணிகர் தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒன்றாகவே கருதி, விலையை மறைக்காமல் கூறி விற்றனர் என்கிறது அப்பாட்டு. ஆயின் இடைக்காலத்தில் பேரமே நம் கடைவீதியின் மொழியாயிற்று. ஒரே புடைவைக்கு ஆளுக்கொரு விலை என்பது வழக்கமாயிற்று. வந்தவரின் உடை, ஊர், பேச்சு ஆகியவற்றைக் கண்டு விலை கூறும் கலையை நம் வணிகர் நன்கு பயின்றிருந்தனர்.

மவுண்ட் சாலையில் ஸ்பென்சர்

1863-64-ஆம் ஆண்டுகளில் சார்லஸ் டூரன்ட், ஜே.டபிள்யூ. ஸ்பென்சர் என்னும் இருவர் சென்னை மவுண்ட் சாலையில் கடை ஒன்றை நிறுவினர். பின்னர் அது ஸ்பென்சரின் பெயரால் மட்டும் வழங்கலாயிற்று. 1882-இல் யூஜின் ஓக்ஷாட் என்பவர் கைக்கு அது வந்த பிறகே பெருவளர்ச்சி தொடங்கிற்று. 1895-இல், டபிள்யூ.என். போக்சன் என்னும் கட்டடக்கலைஞர் வடிவமைத்த புதிய மாளிகைக்குக் கடை இடம் பெயர்ந்தது. இந்தோ-சாரசனிக் பாணியில் அமைந்த அம்மாளிகையில் எண்பதுக்கும் மேற்பட்ட பிரிவுகள் இருந்தன என்பர்.

அந்நிறுவனம் கடையோடு நின்றுவிடவில்லை. அருகிருந்த கன்னிமாரா விடுதியை ஓக்ஷாட் 1891-இல் வாங்கினார். பெங்களூரின் வெஸ்ட் எண்ட், உதகையின் சவாய் ஆகிய விடுதிகளும் பிற்காலத்தில் ஸ்பென்சரின் உடைமையாயின. தென்னக இருப்புப்பாதை நிலையங்களின் உணவகங்களை ஸ்பென்சர் நடத்திற்று. திண்டுக்கல்லில் சுருட்டு செய்வித்தது. சோடா முதலிய பானங்களையும் விற்றது. ஆட்சியாளருக்குச் சீமைப் பண்டங்களை விற்ற ஒரு கடை, அவர்கள் உண்பது, உறங்குவது, புகைப்பது, பயணம் செய்வது ஆகிய எல்லாவற்றிலும் உடன்வரும் நிறுவனமாக விரிந்தது. காலனி ஆட்சியின் அன்றாட வாழ்க்கையை எழுத விரும்புவோர் அரசு ஆவணங்களுக்கு இணையாக இக்கடையின் சரக்குப் பட்டியலையும் புரட்ட வேண்டும் எனலாம்.

விலை ஒன்று, வாசல் வேறு

பாரிசில் பிறந்த இரு கொள்கைகளுள் முதலாவது மவுண்ட் சாலைக்கு வந்தது. விலை எழுதி ஒட்டப்பட்டது, பேரம் இல்லை. இரண்டாவது கொள்கை கடல் கடக்கும்போது எங்கோ நழுவிவிட்டது. பார்க்க மட்டும் வருவோரை வரவேற்கும் வாசலாக அது அமையவில்லை. தடைச்சட்டம் எழுதப்பட வேண்டிய தேவையே எழவில்லை. ஆங்கிலம் என்னும் மொழியும், மேலங்கி என்னும் உடையும், குதிரை வண்டி அல்லது மோட்டார் வண்டி என்னும் வாகனமும் அந்த வேலையைச் செய்தன. உயர்ந்த வருவாய் உடைய இந்தியர் சிலர் சென்றனர். மற்றவர் சாலையிலிருந்து பார்த்தனர். எழுதி ஒட்டிய விலையும் ஒரு மதிலாகலாம் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. பேரம் பேசும் கடையில் ஏழைக்குத் தன் வறுமையைச் சொல்லி விலையைக் குறைக்க ஒரு வாய்ப்பாவது உண்டு. அச்சிட்ட விலையின்முன் அவன் நாவுக்கு வேலை இல்லை.

இந்த மதிலுக்கு நகரத்தின் விடை மவுண்ட் சாலையிலிருந்து நெடுந்தொலைவில் எழவில்லை. 1904-ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பெற்றது. இந்திய நுகர்வோர் கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடியாக அது கருதப்படுகிறது. அரிசியும் பருப்பும் சரியான எடையில், சரியான விலையில், உறுப்பினரே உரிமையாளராக இருந்து விற்றுக்கொள்ளும் கடை அது. ஸ்பென்சரின் மாடங்களும் கோபுரங்களும் அதற்கு இல்லை. ஆயின் விலை ஒன்று, வாசல் ஒன்று என்னும் இரண்டையும் ஒருசேர நிறைவேற்ற முயன்ற பெருமை திருவல்லிக்கேணிக்கு உரியது. நம் நகர வரலாற்றை மாளிகைகளின் வரலாறாக மட்டும் எழுதுவோர் இந்த எளிய கடையைத் தவற விடுவது முறையன்று.

ஒரு கட்டடம், மூன்று பிறவிகள்

அங்காடியின் பயன் காலந்தோறும் மாறுவதைக் காண ஸ்பென்சருக்கு உறவான மற்றொரு கட்டடத்தையும் இங்கே குறிப்பிடுதல் தகும். ராபர்ட் லெய்ட்லா என்பவர் 1882-இல் கல்கத்தாவில் தொடங்கிய ஒயிட்அவே லெய்ட்லா நிறுவனம் கொழும்பு, சிங்கப்பூர், ஷாங்காய் எனக் கிளை பரப்பிய பேரங்காடி. மவுண்ட் சாலையிலும் அதற்குக் கடை இருந்தது. கடன் கொடாத கடை அது. பணத்தை உடனே எண்ணி வைத்தால்தான் பண்டம். அதனால் அதன் பெயரையே சற்றுத் திரித்து, 'உடனே எடு, உடனே கொடு' என்னும் பொருள் தோன்ற ஆங்கிலேயர் நகையாடினர்.

அக்கட்டடம் பின்னாளில் சுதேசமித்திரன் நாளிதழின் இல்லமாகி விக்டரி ஹவுஸ் எனப் பெயர் பெற்றது. 1882-இல் ஜி. சுப்பிரமணிய ஐயர் தொடங்கிய இதழ் அது. 1904-இல் பாரதியார் துணையாசிரியராக அமர்ந்து தொண்டாற்றிய இதழும் அதுவே. சீமைத் துணியும் தொப்பியும் விற்ற கூடத்தில், சுதேசம் என்னும் சொல்லையே பெயராகச் சூடிய தமிழ் நாளிதழின் அச்சு எழுத்துகள் கோக்கப்பட்டன. வரலாறு சில வேளைகளில் கவிஞரையும் மிஞ்சிய கற்பனை உடையதாகிவிடுகிறது. அதன்பின் அக்கட்டடம் வி.ஜி.பி. நிறுவனத்தின் கைக்கு வந்தது. தவணைமுறையில் வீட்டுப் பொருள்களை விற்றுத் தமிழ்நாட்டின் நடுத்தரக் குடும்பங்களில் வேரூன்றிய நிறுவனம் அது. கடன் இல்லை என்று சொன்ன கூரையின்கீழ், மாதந்தோறும் கொடுத்தால் போதும் என்னும் வாணிகம் நடந்தது. வானொலிப் பெட்டியும் மின்விசிறியும் தையல் எந்திரமும் தவணையில் வந்த வீடுகள் எத்தனையோ!

இம்மூன்று பிறவிகளிலும் கல்லும் சுண்ணமும் அவையே. மாறியவை வாசலில் நுழைந்த கால்கள். ஒரு கட்டடத்தின் வரலாறு என்பது அதன் கொத்தனாரோடு முடிவதில்லை; அதனுள் நடந்தவர்களே அதனைத் திரும்பத் திரும்பக் கட்டுகின்றனர்.

தீயும் பிளாசாவும்

விடுதலைக்குப் பின் ஆங்கிலேயக் குடும்பங்கள் நாடு திரும்பின. இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் சீமைச் சரக்கு அருகிற்று. ஸ்பென்சர் நின்றதற்கான காரணங்கள் ஒவ்வொன்றாக நீங்கியும் ஸ்பென்சர் நின்றது. ஆயின் பழைய பெருமிதத்தின் நிழலாக நின்றது. 1983-இல் தீ அதனை உண்டது. இரண்டே ஆண்டுகளில், 1985 மே மாத இறுதியில், சென்ட்ரல் நிலையத்தை அடுத்திருந்த மூர் மார்க்கெட்டும் எரிந்தது. 1900-இல் திறக்கப்பெற்ற மூர் மார்க்கெட் பழைய நூல்களின் காடு. நம் மூத்த எழுத்தாளர் பலருக்குப் பல்கலைக்கழகம். சீமான்களின் அங்காடியும் ஏழைப் படிப்பாளியின் அங்காடியும் இரண்டாண்டு இடைவெளியில் சாம்பலாயின. மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் புறநகர் இரயில் நிலையம் எழுந்தது. அங்கே வாணிகம் பயணத்துக்கு இடம் கொடுத்தது. ஸ்பென்சர் இருந்த இடத்தில் மீண்டும் வாணிகமே எழுந்தது. ஆனால் அது முற்றிலும் வேறு வாணிகம்.

1989-இல் ஸ்பென்சர் நிறுவனம் ஆர்.பி.ஜி. குழுமத்தின் கைக்குச் சென்றது. 1990களின் தொடக்கத்தில் பழைய மாளிகையின் இடத்தில் ஸ்பென்சர் பிளாசா திறந்தது. பின்னர் மூன்று கட்டங்களாக விரிந்து ஏறத்தாழ 10 லட்சம் சதுர அடியை எட்டிற்று. இந்தியாவின் தொடக்ககால வணிக வளாகங்களுள் ஒன்று என்னும் பெருமை அதற்கு உண்டு. இங்கே ஒரு நுட்பமான மாற்றத்தை நோக்க வேண்டும். பேரங்காடி என்பது ஒரே உரிமையாளரின் பல பிரிவுகள். பிளாசா என்பது பல உரிமையாளர்களின் பல கடைகள். பழைய ஸ்பென்சரில் விலை ஒன்று, வாசல் குறுகியது. புதிய பிளாசாவில் வாசல் அகன்றது, விலை பலவாயிற்று. காசுமீரக் கைவினைக் கடைகளிலும், துணிக் கடைகளிலும், பைக் கடைகளிலும் பேரம் மீண்டும் பேச்சு வழக்கமாயிற்று. சீமை மாளிகையின் சாம்பலின்மேல் நம் பழைய கடைத்தெரு குளிரூட்டப்பட்ட வடிவில் மறுபிறவி எடுத்தது எனலாம்.

அந்த அகன்ற வாசலின் அருமையைச் சொல்ல என் தலைமுறைப் பெண்களுக்கு உரிமை உண்டு. நான் கல்லூரியில் பயின்ற 1990களின் இறுதியில், தாம்பரத்திலிருந்து குறுகிய பாதை மின்தொடர் வண்டியில் எழும்பூர் இறங்கி, அங்கிருந்து அண்ணா சாலைக்குச் செல்வோம். தேவநேயப் பாவாணர் நூலகத்தில் குறிப்பெடுத்துவிட்டு, தோழியர் நால்வர் பிளாசாவுக்குள் நுழைந்தால், எங்களை யாரும் ஏன் வந்தீர்கள் என்று கேட்டதில்லை. கையில் இருந்தது திரும்பும் பயணச் செலவும் ஒரு குளிர்பானத்துக்கான காசும் மட்டுமே. மியூசிக் வேர்ல்டில் பாட்டுக் கேட்டோம்; துணிக்கடைகளின் கண்ணாடிகளில் எங்களைப் பார்த்துக்கொண்டோம்; மின்படியில் ஏறி இறங்கினோம். தேநீர்க் கடை வாசலும் தெரு முனையும் ஆண்களின் சபையாக இருந்த நகரத்தில், இளம்பெண்கள் காரணம் சொல்லாமல் ஒரு மாலையைக் கழிக்கக்கூடிய இடங்கள் மிகச் சில. கோயில் ஒன்று, கடற்கரை, துணைக்கு ஆளிருந்தால். பிளாசா மூன்றாவதாயிற்று. பூசிக்கோவின் இரண்டாம் கொள்கை, ஒன்றும் வாங்காமல் திரும்பும் உரிமை, நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து மவுண்ட் சாலையை வந்தடைந்தது. விற்பனை வளர வேண்டும் என்பதற்காகவே அவ்வாசல் திறக்கப்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை. நோக்கம் வாணிகமாயினும், விளைந்த பயன் எங்களுக்கு உரிமையாயிற்று.

தேய்வின் காரணங்கள்

அப்பிளாசா இன்று பழைய பிளாசா இல்லை. புகழ்மிக்க கடைகள் பல நீங்கின. லேண்ட்மார்க் புத்தகக் கடை மூடப்பட்டது. ஒலிநாடாவும் குறுந்தகடும் வழக்கொழிந்ததால் இசைக்கடை மறைந்தது. பல பகுதிகள் அலுவலகங்களாக மாறின. 2010-இல் இராயப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ திறந்தது. 2013-இல் வேளச்சேரியில் ஃபீனிக்ஸ் வந்தது. திரையரங்கும் உணவுக்கூடமும் வண்டி நிறுத்துமிடமும் உடைய புதிய வளாகங்களுக்கு முன் பிளாசா பழமைப்பட்டுத் தோன்றிற்று. கடைகள் தனித்தனி உரிமையாளர்களுக்கு விற்கப்பட்டிருந்தமையால், முழுக் கட்டடத்தையும் ஒரே திட்டத்தின்கீழ்ப் புதுப்பிப்பது அரிதாயிற்று. மெட்ரோ இரயில் பணிகளால் அண்ணா சாலை பல ஆண்டுகள் தோண்டப்பட்டுக் கிடந்ததும் வாடிக்கையாளர் வரவைக் குறைத்தது. 2019-இல் அருகிலேயே எல்.ஐ.சி. மெட்ரோ நிலையம் திறந்தபோது, அதில் இறங்கி வந்தவர்களுள் பலர் பொருள் வாங்க வந்தவர்களாக இல்லை. பணிக்கு வந்தவர்களாக இருந்தனர்.

எனினும் இக்காரணங்களுக்கு அடியில் இன்னொரு காரணம் ஓடுகிறது. மக்கள் வரும் வழியே கடையின் இடத்தையும் இயல்பையும் தீர்மானிக்கிறது. வண்டியில் வந்தவர்களுக்காக மவுண்ட் சாலை அங்காடி அமைந்தது. 1931-இல் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர் வண்டி ஓடத் தொடங்கியதும் நகரத்தின் தெற்கு மக்களுக்குப் புதுவழி திறந்தது. மாம்பலம் நிலையத்தின் வாசலிலேயே தொடங்கும் ரங்கநாதன் தெரு அவ்வழியின் குழந்தை. அங்கே 1970 வாக்கில் பாத்திரக்கடையாகத் தொடங்கிய சரவணா ஸ்டோர்ஸ், மாடிமேல் மாடியாக வளர்ந்து, துணி, பாத்திரம், நகை, மளிகை என எல்லாவற்றையும் ஒரே கட்டடத்துள் அடுக்கிற்று. பெயர் தமிழ், பேச்சு தமிழ், விலை எழுதி ஒட்டப்பட்டது, வாசல் செருப்பணியாத கால்களுக்கும் திறந்தது. பாரிசின் இரு கொள்கைகளும் முதன்முதலாகத் தமிழ் எளியோர்க்கு ஒருசேரக் கிடைத்த இடம் ரங்கநாதன் தெருவே என்பது என் துணிபு. ஸ்பென்சரின் உண்மையான வாரிசு ஸ்பென்சர் பிளாசா அன்று. நெல்லைச் சீமையிலிருந்து வந்த பாத்திர வணிகரின் கடையே ஆகும்.

அடுத்த நகர்வு நம் ஊரை நோக்கி நிகழ்ந்தது. அண்ணா சாலையும் ஜி.எஸ்.டி. சாலையும் கிண்டியில் பெயர் மாறும் ஒரே நெடுவழி. கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் போட்ட சாலை அங்கே நிற்காமல் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எனத் தெற்கே நீள்கிறது. குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டையில் இன்று சரவணா ஸ்டோர்ஸும், திருவில்லிபுத்தூரில் கைத்தறித் துணியோடு வேர் கொண்ட போத்தீஸும் பன்மாடக் கடைகளாக நிற்கின்றன. சிட்லபாக்கம் 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. ஏரியும் வயலும் சூழ்ந்த ஊராக இதனை அறிந்த முதியவர்கள் நம் வட்டத்தில் உள்ளனர். முகூர்த்தப் புடைவைக்குத் தியாகராய நகர் செல்வதே பெருஞ்செயலாக இருந்த காலத்தை அவர்கள் கண்டனர். இன்று அவர்தம் பேத்தியர் இருசக்கர வண்டியில் சென்று அரை மணியில் திரும்புகின்றனர். அங்காடி நம்மைத் தேடி வந்துவிட்டது. அண்ணா சாலை தேய்ந்ததற்கு நாமும் ஒரு காரணம்.

இருக்கை என்னும் மூன்றாம் வினா

விலையும் வாசலும் நேராகிவிட்டன. இனிக் குறை ஏது என்று நிறைவடைய இயலவில்லை. மூன்றாம் வினா எஞ்சி நிற்கிறது. நம் பழைய துணிக்கடைகளில் வெள்ளை விரிப்பின்மேல் வணிகரும் அமர்ந்தார்; வாங்க வந்தவரும் அமர்ந்தார். புடைவைகள் இருவர்க்கும் நடுவே விரிந்தன. பேரங்காடி கொணர்ந்த உயர்ந்த முகப்பு மேசை அந்தச் சமநிலையைக் குலைத்தது. விற்பவர் நிற்க வேண்டும் என்பது எழுதாச் சட்டமாயிற்று. 1996-இல் சென்னையில் தொடங்கிய ஃபுட்வேர்ல்டு போன்ற கடைகள், பொருளைத் தாமே எடுத்துக்கொள்ளும் முறையைப் பரவச் செய்தபோது அந்த மேசையும் மறைந்தது. நிற்றல் மட்டும் மறையவில்லை.

ரங்கநாதன் தெருவின் பன்மாடக் கடைகளில் நாள் முழுதும் நின்றே பணிசெய்த இளைஞரும் இளம்பெண்களும் பெரும்பாலும் தென்மாவட்டச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். 2010-இல் வெளிவந்த வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' திரைப்படம் அவர்களின் வாழ்வைத் தமிழகம் முழுதும் பேசவைத்தது. அங்கே துணி வாங்கிய நம்மில் பலர், எதிரே நின்ற பெண்ணின் கால்களைப் பற்றி அதற்குமுன் எண்ணியதில்லை. கேரளத்தில் கடைப் பெண்தொழிலாளர் நடத்திய போராட்டத்தின் விளைவாக அங்கே 2018-இல் அமரும் உரிமை சட்டமாயிற்று. தமிழ்நாடு அதனைப் பின்பற்றி, 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் திருத்தம் செய்தது. பணியாளர் எல்லார்க்கும் உரிய இருக்கை வசதி வேண்டும். வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அமரலாம் என்பதே அத்திருத்தத்தின் சாரம். இருபத்தோராம் நூற்றாண்டில், அமர்வதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பதை எண்ணினால் நாணமும், அச்சட்டம் வந்தது என்பதை எண்ணினால் ஆறுதலும் ஒருங்கே தோன்றுகின்றன.

சட்டம் வந்ததால் இருக்கை வந்துவிடாது. இருக்கையைக் கேட்கும் வாய், விற்பவரிடம் இருந்து மட்டும் எழ வேண்டும் என்பதில்லை; வாங்குபவரிடம் இருந்தும் எழலாம். குரோம்பேட்டைக் கடை ஒன்றில் ஆறாம் புடைவையை விரிக்கச் சொல்லும்முன், விரிப்பவருக்கு ஓர் இருக்கை உண்டா என்று பார்ப்பது நம்மால் இயலாத செயலன்று.

கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள்

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாண்டுக் கவியரங்கங்களில் ஏரியைப் பாடினோம், தாயைப் பாடினோம், தமிழைப் பலமுறை பாடினோம். கடையைப் பாடியது குறைவு. அங்காடி இலக்கியத்துக்குத் தாழ்ந்த பொருள் என்னும் எண்ணம் எங்கிருந்து நமக்கு வந்தது என்பது விளங்கவில்லை. சங்கப் புலவருக்கு அவ்வெண்ணம் இல்லை. உப்பு விற்ற உமணரையும் மோர் விற்ற ஆய்மகளையும் பாடிய மரபு நம்முடையது. பூ விலையும் மீன் விலையும் அவர்தம் பாட்டுக்குள் தயக்கமின்றி நுழைந்தன.

கட்டடங்கள் நிலைப்பதில்லை என்பதற்கு ஸ்பென்சரும் மூர் மார்க்கெட்டும் சான்று. ஸ்பென்சரின் தீயில் பிரிவுகளும் கோபுரமும் அழிந்தன. ஆயின் அங்கே பொட்டலம் கட்டியவரின், கணக்கெழுதியவரின், வாசலில் வண்டிக் கதவைத் திறந்துவிட்டவரின் சொற்கள் அதற்கு முன்னரே அழிந்துவிட்டன. எழுதி வைப்பார் இன்மையால் அழிந்தன. அந்த இழப்பைத் தீயின்மேல் சுமத்த முடியாது. இன்று ஜி.எஸ்.டி. சாலைக் கடைகளில் நிற்பவர்கள் நமக்கு அண்டை வீட்டார். மாலையில் அவர்கள் சானடோரியம் நிலையத்திலும் குரோம்பேட்டை நிலையத்திலும் நம்மோடு வண்டிக்குக் காத்திருக்கின்றனர். அவர்கள் பேசும் தமிழில் நெல்லையும் உண்டு, இராமநாதபுரமும் உண்டு. அளவு, நிறம், கரை, முந்தி, தள்ளுபடி என்று அவர்கள் நாள்தோறும் ஆளும் சொற்களுள் எத்தனை நம் கவிதைக்குள் வந்துள்ளன?

இருபதாம் ஆண்டு மலர் வெளிவரும்போது குரோம்பேட்டையின் பன்மாடக் கடைகளும் வேறு உருவம் கொண்டிருக்கலாம். வீட்டு வாசலுக்கே பொருளைக் கொணரும் இளைஞரின் இருசக்கர வண்டி, இப்போதே கடையின் இடத்தைப் பாதி பிடித்துவிட்டது. அவருக்கு விலையில் பங்கில்லை. நம் வாசலைத் தாண்டி உள்ளே வர வழக்கமில்லை. இருக்கை என்பது வண்டியின் இருக்கை மட்டுமே. மூன்று வினாக்களும் இனி அவரிடம் சென்று நிற்கின்றன. ஊர்காண் காதைகளை எழுதும் கடன் நம் வட்டத்துக் கவிஞர்களுடையது. கடை இருக்கும்போதே, நிற்பவர் நிற்கும்போதே அவை எழுதப்படட்டும்.